அந்தப் பத்துப் பேர் யார்?

“நூத்துல தொண்ணூறு பேருக்கு நோய் முத்தாம காப்பாத்தும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. மீதி பத்துப் பேர் யாரு? அவங்க பேரைச் சொல்லிட்டு அப்புறம் ஊசி போடுங்க.”

பள்ளிக்கூட வாசலில் மொபெட்டை நிறுத்தி, இறங்காமலேயே கேட்டார் உப்பு விற்பவர். வண்டியின் இரண்டு பக்கமும் வேதாரண்யம் உப்பு மூட்டைகள். முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது. குடவாசல் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன ஊருக்கு அவர் புதிது.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த நர்ஸ் நுஸைபா நிமிர்ந்து பார்த்தாள். கொரோனா தடுப்பூசி போட அவளை அந்த ஊருக்கு அனுப்பி மூன்று நாள்தான் ஆகிறது. முதல் நாள் நான்கு பேர் வந்தார்கள். மறுநாள் இரண்டு பேர். இன்று பதினொரு மணி வரை ஒருவரும் இல்லை. வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுத்துப் பார்த்துவிட்டாள். வாங்கியவர்கள் எல்லாரும் அதை நாலாக மடித்துக்கொண்டு, “பாக்கலாம் சிஸ்டர்” என்றார்கள். கீழத்தெருவில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கொரோனாவால் ஐந்து நாள் இடைவெளியில் இறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

“பேரெல்லாம் முன்கூட்டியே தெரியாதுங்க. அது கணக்கு” என்றாள்.

“யார் எண்ணின கணக்கு? நீங்க எண்ணினீங்களா?”

அவருக்குக் கணீரென்ற குரல். எதிர் டீக்கடையிலிருந்து நாலு பேர் கிளாஸோடு எழுந்து வந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பிய பெண்கள், நாகம்மாளை முன்னால் விட்டு, அப்படியே நின்றார்கள். வம்பு நடக்கும் இடத்துக்கு வர யாருக்கும் நோட்டீஸ் தேவைப்படவில்லை.

“தொண்ணூறை நான் எண்ணலைங்க. பெரிய அளவுல சோதனை பண்ணவங்க எண்ணினது. நான் எண்ணினதை வேணா சொல்றேன்” என்று நுஸைபா தன் நோட்டைப் பிரித்தாள். “மத்த ஊரையும் சேர்த்து இதுவரைக்கும் நூத்தி எண்பத்தி நாலு பேருக்குப் போட்டிருக்கேன். நாப்பத்தியோரு பேருக்குக் காய்ச்சல் வந்துச்சு. நிறையப் பேருக்குக் கைவலி. ஒருத்தர் மயங்கி விழுந்தாரு. ஆனா அவருக்கு நான் இன்னும் ஊசியே குத்தல, சிரிஞ்சைப் பாத்ததுமே விழுந்துட்டாரு.”

நாகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“பாருங்க, காய்ச்சல் வரும்னு அவங்களே ஒத்துக்கிறாங்க. நோட்டீஸ்ல அது இருக்கா?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார் உப்புக்காரர்.

“இல்லைதான். போட்டிருக்கணும்” என்றாள் நுஸைபா. “காய்ச்சல் வரும், ரெண்டு நாள்ல போயிரும். வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். ரொம்ப அபூர்வமா யாருக்காவது பெரிசா ஏதாவது ஆகலாம். அதுக்குத்தான் ஊசி போட்டு அரை மணி நேரம் இங்கேயே உட்கார வைக்கிறேன்.”

கூட்டம் கொஞ்சம் நெருங்கி வந்தது. “சிஸ்டர் மறைக்காம பேசுது” என்றார் டீ கிளாஸ்காரர் ஒருவர்.

“எல்லாம் சரி, அந்தப் பத்துப் பேர்ல நான் இருந்துட்டா?” உப்புக்காரர் விடவில்லை.

கூட்டத்தில் நின்ற விவசாயி வீரையனுக்குப் பொறுக்கவில்லை. “யோவ், விதைநெல் மூட்டையைப் பாத்திருக்கியா? முளைப்புத் திறன் எண்பது சதவீதம்னு அதுல அட்டை தொங்கும். அதை நம்பித்தான் நாத்தங்கால்ல தெளிக்கிறோம். முளைக்காத இருபது எதுன்னு ஒவ்வொரு நெல்லாப் பேர் கேட்டுக்கிட்டா இருக்கோம்?”

“நெல்லும் மனுஷனும் ஒண்ணா?”

“இல்லை. அதான் மனுஷனுக்குத் தொண்ணூறு போட்டிருக்கான்.”

டீக்கடைப் பக்கம் சிரிப்பு எழுந்தது. நாகம்மாளும் சேர்ந்துகொண்டாள். “வேதாரண்யம் உப்புங்கிறே. அங்கேயிருந்துதான் வருதுன்னு நாங்க யாராவது போய்ப் பாத்தோமா? உன் பேச்சை நம்பித்தானே உலையில போடணும்?”

உப்புக்காரர் முகம் சுருங்கியது. “என்கிட்ட என்னத்துக்குச் சண்டைக்கு வர்றீங்க? எப்படியும் இந்த ஊர்ல ஒருத்தரும் போட்டுக்கப் போறதில்ல.”

“எங்க ஊரைப் பத்திப் பேச நீ யாருய்யா?” வீரையன் விறுவிறுவென்று வராந்தாவில் ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார். “போடும்மா. இவன் கண்ணு முன்னாடியே போடு.”

அவருக்குப் பின்னால் நாகம்மாள் நின்றாள். நாகம்மாளுக்குப் பின்னால் அவளோடு வந்த பெண்கள். டீ கிளாஸ்களைத் திண்டில் வைத்துவிட்டு அந்த நாலு பேரும் வந்தார்கள்.

“அப்புறம் காய்ச்சல்னு என்கிட்ட வராதீங்க” என்று முனகியபடி உப்புக்காரர் வண்டியைக் கிளப்பினார். ஒரு படி உப்புகூட விற்கவில்லை.

மூன்று மணிக்கு மருந்து தீர்ந்துவிட்டது. மிச்சப் பேரை நாளைக்கு வரச் சொல்லி, காலிப் பெட்டியை ஆரம்ப சுகாதார நிலையத்து வண்டியில் ஏற்றிவிட்டு, நுஸைபா மெயின் ரோட்டுக்கு நடந்தாள். வாய்க்கால் பாலத்தின் மேல் உப்புக்காரர் மொபெட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

“எத்தனை பேர்?” என்று கேட்டார்.

“அம்பத்தேழு.”

“அந்த விவசாயி விட்டா அடிச்சிருப்பாரு. சரி, அடுத்து எந்த ஊர்ல சண்டை?”

நுஸைபா சிரித்துக்கொண்டே அவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். “நீங்க ரெண்டு ஊசியும் போட்டு ஒரு மாசம் ஆச்சுன்னு தெரிஞ்சா, நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து இந்த வாய்க்கால்ல தள்ளிருவாங்க. ஆனா மச்சான், கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல நீங்க என்கிட்ட தோத்துப்போனது இன்னிக்குத்தான்.”