ரெட்டை சைலன்சர்

“வண்டி தெருவுக்குள்ள வந்ததே தெரியக் கூடாது. அந்த மாதிரி சைலன்சர் எதும்மா?”

முத்துராணியிடம் இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. சைலன்சர் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாம், வண்ணார்பேட்டையில் வண்டியை முறுக்கினால் ஜங்ஷனில் கேட்க வேண்டும் என்பார்கள். அதையும் அவள் அப்பா சங்கிலிபூதத்தானிடம்தான் சொல்வார்கள். நாலு பேர் எதிரில் வாய் திறக்கப் பயந்தே ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள்.

கேட்டவர் பெயர் வேதமுத்து. ஐம்பது வயதிருக்கும். அவருடைய பிக்கப் வேனுக்கு இருபத்திரண்டு வயது. ஆனாலும் பொட்டுத் துரு கிடையாது. பின்தொட்டியில் சோறு போட்டுச் சாப்பிடலாம் போல அப்படிக் கழுவி வைத்திருந்தார். வண்டியைப் பார்த்ததுமே முத்துராணிக்கு ஆள் மேல் மரியாதை வந்துவிட்டது.

“ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணாச்சி” என்றாள், தரையைப் பார்த்தபடி.

வண்டி படபடவென்று வெடித்தது. அவள் குழாயின் வாலருகே உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக் கேட்டாள்.

“இதுக்கு ஒத்தை சைலன்சர் பத்தாது. புகை பூராவும் ஒரே வழியில முட்டி மோதிட்டு வருது. ரெண்டாப் பிரிச்சு விட்டா அடங்கும்.”

“ரெட்டைன்னா, சின்னப் பயலுவ வண்டி மாதிரி உறுமாதா?”

“அவங்க போடுதது வெறுங்குழாய். உள்ள ஒண்ணும் இருக்காது. நாம உள்ள தடுப்பு வச்ச நீளமான டப்பாவா ரெண்டு போடுவோம். குழாய் ரொம்பப் பெருசாவும் வேண்டாம். பழைய இஞ்சின், மேட்டுல இழுக்காது. தொங்குத இடத்துல எல்லாம் ரப்பர் வச்சா பாடியும் அதிராது.”

ஒரே மூச்சில் இவ்வளவு பேசிவிட்டதில் அவளுக்கே வியர்த்துவிட்டது.

“எந்தக் காலேஜும்மா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்ப காலேஜுக்குத்தான் குடுத்து வைக்கல” என்றார் வேதமுத்து.

அப்பா அவளைப் பட்டறைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“ஏட்டி, ஆளைப் பாத்தா உனக்கு ஒண்ணும் தோணலையா? எதுக்குவே சத்தமே வரக் கூடாதுன்னு கேட்டா, ‘சத்தம் கேட்டா சில பேருக்கு நெஞ்சு பதறுது’ங்கான். யாருக்குப் பதறும்? ஆட்டுக்கா?”

போன வருடம் அவர் வேலை பார்த்துக் கொடுத்த வண்டி ஒன்று ஆடு திருடப் போய் மாட்டிக்கொண்டது. அதற்காக இரண்டு நாள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தவர் அவர்.

“போன் நம்பரைக் குடும்னேன். ‘அது உமக்குத் தேவைப்படாமலே இருக்கட்டும்வே’ங்கான். இது நல்லவன் பேசுத பேச்சா?”

“வண்டியை இப்படி வச்சிருக்கவரு களவாண்டு பொழைக்க மாட்டாருப்பா. நான் பொறுப்பு.”

மகள் எதிர்த்துப் பேசி அவர் கேட்டதே இல்லை.

“சரி. களவாணின்னு தெரிஞ்ச அன்னையோட நீ பட்டறைக்கு வாரது நின்னுபோவும். சம்மதமா?”

வீட்டை விட்டால் முத்துராணிக்குத் தெரிந்த இடம் அந்தப் பட்டறை ஒன்றுதான். இருந்தும் தலையாட்டினாள்.

இரண்டு நாள் வேலை. தானே வெட்டி, தானே பற்றவைத்து, ரப்பரையும் தானே மாட்டினாள். வண்டியை எடுத்தபோது, பக்கத்து வீட்டில் யாரோ அரிசி புடைப்பது போல மெல்லச் சலசலத்தது. அவ்வளவுதான் சத்தம்.

வேதமுத்து வண்டியை ஓடவிட்டு, சாலையில் பெட்டிக்கடை வரை நடந்து போய் நின்று கேட்டார். திரும்பி வந்து அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

“பாத்தியா? போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொன்னானா? களவாணிப்பயதான் இப்படிப் போவான்” என்றார் அப்பா.

பத்து நாள் கழிந்தது. காலையில் அப்பாவும் மகளும் பட்டறைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால், எதிரே அதே பிக்கப். எப்போது தெருவுக்குள் வந்தது என்றே தெரியவில்லை. எதிர்வீட்டுக் கொம்பையா பெரியப்பாவின் நாலு ஆடும் கட்டிக் கிடக்கும் இடத்தை மறைத்தபடி நின்றது. பின்தொட்டி முழுக்கப் படுதா போட்டு மூடியிருந்தது.

முத்துராணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அண்ணாச்சி, பின்தெருவுக்கு எப்படிப் போவணும்?” என்று வேதமுத்து ஜன்னல் வழியே தலையை நீட்டி, குரலே எழும்பாமல் கேட்டார்.

“பின்தெருவா? இங்கன எத்தனை ஆட்டை ஏத்தினீரு, அதைச் சொல்லும் முதல்ல!”

வேதமுத்து பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார். எதிர்வீட்டின் திறந்த ஜன்னலைக் காட்டினார். அங்கே நாலு மாதமாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கொம்பையா பெரியப்பா கண்ணயர்ந்திருந்தார்.

“சத்தம் போடக் கூடாதோ? இப்ப பாரும்!” என்று அப்பா படுதாவைப் பிடித்து இழுத்தார்.

உள்ளே ஆடு இல்லை. செத்தவர்களை வைக்கும், கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி இருந்தது.

அப்பா படுதாவை இழுத்து மூடிவிட்டுப் பின்தெருப் பக்கம் கையை நீட்ட, வேதமுத்து பெரியப்பா விழிக்கவில்லை என்பதை ஜன்னல் வழியே இன்னொரு தரம் பார்த்துக்கொண்டு, சாவு விழுந்த துட்டி வீட்டு வாசல்களிலேயே பழகிப்போன அந்த வழக்கப்படி, ‘போயிட்டு வாரேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனார்.