ஊரில எவடம்?

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு பிள்ளை. ஊரில எவடம்?"

சாருகாவுக்குச் சுருக்கென்றது.

ஒஸ்லோ நகரின் ரொம்மனில் கீழ்வீடு ஒன்று வாடகைக்கு இருக்கிறதென்று லூக்காசையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். இருவருமாகக் குடியேறப் பார்த்த வீடுகள் எல்லாம் கைநழுவிப் போய்விட்டன. மாத முடிவோடு லூக்காஸ் தன் அறையைக் காலி செய்தாக வேண்டும். வீடு அகப்படாவிட்டால் நாட்டின் வடகோடியில் உள்ள ஹம்மர்பெஸ்டில் தாய் வீட்டுக்கே போய்விடுவான். அவள் வீட்டிலோ, லூக்காஸ் என்று ஒருவன் இருப்பதே தெரியாது.

கையில் இருவர் பெயரிலும் வாடகை அறிக்கை. சம்பளம், கடன், பழைய வீட்டுக்காரர் சொன்ன நல்ல வார்த்தை எல்லாம் அதில் உண்டு. ஒருதரம் எடுத்துவிட்டால் போகிற வீட்டுக்கெல்லாம் அதையே நீட்டலாம்.

வீட்டுக்காரர் இராசதுரை அதை ஆறுதலாக வாசித்தார். லூக்காசை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். பிறகுதான் இந்தக் கேள்வி.

"நான் இஞ்சை ஒஸ்லோவில பிறந்தனான், அங்கிள்."

"அது விளங்குது. அப்பா அம்மா எவடம்?"

"வேலணை."

"வேலணையில எந்தக் கோயிலடிப் பக்கம்?"

சாருகா யாழ்ப்பாணத்து வேலணையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஆனாலும் இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று தெரியும். சாதியை நேரே கேட்க வெட்கப்படுகிறவர்கள் கோயிலைக் கேட்பார்கள்.

"என்ன கேட்கிறார்?" என்றான் லூக்காஸ், நோர்வேஜிய மொழியில்.

"அப்பாவின் ஊர்."

"நல்ல விஷயம்தானே! நீ ஏன் கோபப்படுகிறாய்?"

இதை அவனுக்கு எங்கே தொடங்கி விளக்குவது? அவளுக்கே பாதிதான் விளங்கியிருந்தது.

"அங்கிள், சாதி பாத்து வீடு குடுக்கேலாது. அது சட்டப்படி பிழை."

"நான் சாதி கேட்டனானோ?"

"பிறகென்னத்துக்குக் கோயில்?"

அவர் பேச்சை மாற்றினார். "அப்பாவின்ரை பேர்?"

"வரதராசா."

"பஸ் ஓடுற வரதராசாவோ?"

"ஓம்."

இராசதுரை அறிக்கையை மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"அப்ப இந்த வீடு உங்களுக்குச் சரிவராது, பிள்ளை."

"கிடைத்துவிட்டதா?" லூக்காஸ் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

சாருகா இராசதுரை பக்கம் திரும்பினாள். "முறைப்பாடு குடுக்கப் போறன்!" என்று கத்தியேவிட்டாள்.

"குடும், குடும். முதல்ல மெல்லமாக் கதையும்." அவர் கண்ணால் மேல்மாடியைக் காட்டினார். "மேலை குடியிருக்கிறது தங்கேஸ்வரி அக்கா. அவவும் வேலணைதான், அப்பாவையும் நல்லாத் தெரியும். நீர் இந்தத் தம்பியோட பெட்டி இறக்க முதலே அப்பாவுக்குப் போன் கோல் போயிடும்."

சாருகா மேல்மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ட்வெய்ட்டாவில என்ரை மற்ற வீடு அடுத்த கிழமை காலியாகுது. வாடகையும் இதுதான். அங்கை பக்கத்தில எங்கட சனம் ஒருத்தரும் இல்லை."

லூக்காசுக்குக் கைகொடுத்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்தினார்.

"உந்த அறிக்கையையே கொண்டு வாரும். அங்கை ஊர் கேக்கமாட்டன்."