மாடி வீட்டுச் சத்தம்

"இந்த வூட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அவன் இருக்கணும்" என்றார் கோவிந்தசாமி.

'அவன்' என்றது மாடியில் வாடகைக்கு இருந்த மதிவாணனை. பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கிற பையன். குடி கிடையாது, சிகரெட்டு கிடையாது, நிமிர்ந்து பேச மாட்டான். அவன் வைக்கிற பாட்டுதான் பிரச்சினை. அதைப் பாட்டு என்று சொல்லவே கோவிந்தசாமிக்கு வாய் கூசியது. தகரக் கொட்டகை மேல் ஜல்லி லாரியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். நடுவில் எவனோ ஒருத்தன் அடிவயிற்றிலிருந்து அலறுவான்.

சாயங்காலம் உரக்கடையைச் சாத்திவிட்டு வந்து, மனுஷன் பெண்டாட்டிக்கு நாலு வார்த்தை எடுத்துச் சொல்லலாம் என்று உட்கார்ந்தால் போதும், மேலே ஆரம்பித்துவிடும். சாம்பாரில் உப்பு ஏன் கம்மி, சட்டைப் பித்தானை ஏன் தைக்கவில்லை, இதையெல்லாம் ஒரு வீட்டில் கேட்க வேண்டாமா? நேற்றும் அப்படித்தான். அவர் சொன்னது சொர்ணாம்பாள் காதில் விழுந்ததா என்பதே தெரியவில்லை.

"நாளைக்குக் காலையில பெண்ணாடத்துக்காரங்க பொண்ணு பாக்க வராங்க. இந்தக் கூச்சலைக் கேட்டா வாசலோட திரும்பிடுவாங்க" என்றார்.

மகள் மோகனப்பிரியாவுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. பழைய தெருவில் இருந்தபோது வேப்பூர்ச் சம்பந்தம் அக்கம்பக்கத்தில் விசாரித்ததோடு நின்றுபோனது. அதற்கு முன்னால் இங்கே பக்கத்திலிருக்கிற மங்களூர்ச் சம்பந்தமும் அப்படியே. தெருவுக்கு ராசியில்லை என்றுதான் போன வருஷம் இங்கே வீடு கட்டிக்கொண்டு வந்தார் கோவிந்தசாமி. வந்த இடத்தில் இப்படி ஒரு குடித்தனக்காரன்.

விறுவிறுவென்று மாடியேறினார். மதிவாணன் அறைச் சுவர் முழுக்க மண்டை ஓடு. ஒரு படத்தில் ஒருத்தி தன் தலையைத் தானே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா இதெல்லாம்?"

அவர் கேட்டது திட்டுவதற்கு. பையன் அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்து மலர்ந்துபோனான்.

"இது ஜப்பான் பேய்ப் படத்து போஸ்டரு சார். படத்துல பேய் வரவே வராது, ஆனா பூரா நேரமும் இருக்குது. இந்த வாரம் மட்டும் மூணு தடவை பாத்துட்டேன். இந்த காமிக்ஸ் பாருங்க, சேலத்துல பழைய பேப்பர் கடையில கெடச்சுது. செத்துப்போன போலீஸ்காரரு தன்னைக் கொன்னது யாருன்னு தானே துப்பறியுறாரு. கடைசிப் பக்கத்தை எவனோ கிழிச்சிட்டான், அதைத் தேடித்தான் அலையறேன்."

"நான் அந்தப் பாட்டைக் கேக்குறேன்."

"அது நார்வேக்காரங்க சார். அந்த ஊருல பாதி வருஷம் இருட்டாம். அதான் அப்படிக் கத்துறாங்க."

"நம்ம ஊருல வருஷம் பூரா வெயிலு. நீ எதுக்கு வைக்கிற?"

மதிவாணன் காமிக்ஸை மூடி ஓரமாக வைத்தான்.

"இந்த மாசத்தோட காலி பண்ணிடு. அதுவரைக்கும் அந்தப் பொட்டியிலேருந்து சத்தம் வரக் கூடாது."

"காலி பண்ணிடறேன் சார். பாட்டை நிறுத்தறதுதான் கொஞ்சம் யோசனையா இருக்குது. கீழ அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவளுக்கு என்ன தெரியும்? நிறுத்துன்னா நிறுத்து."

நிறுத்திவிட்டான். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் கோவிந்தசாமி சாப்பிட்டதும் படுத்துவிட்டார்.

மறுநாள் பெண்ணாடத்துக்காரர்கள் வந்தார்கள். பையனின் அப்பா தங்கதுரை, சர்க்கரை ஆலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். கேசரியைச் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு பேச்சை எடுத்தார்.

"மறைக்காம சொல்லிடறேங்க. போன வாரமே இந்தத் தெருவுல விசாரிச்சுட்டோம். மாடியில ஒரு பையன் கத்தல் பாட்டு வைக்கிறான்னு எல்லாரும் சொன்னாங்க."

கோவிந்தசாமி அவசரமாகக் குறுக்கிட்டார். "அவனைக் காலி பண்ணச் சொல்லிட்டேங்க."

"அது கெடக்குதுங்க. வூட்டுக்காரர் எப்படின்னு கேட்டோம். அவரு அதட்டிப் பேசி ஒரு நாளும் கேட்டதில்லன்னு ஒருத்தர் பாக்கியில்லாம சொன்னாங்க. எங்க பெரிய சம்பந்தி வாயால நாங்க பட்டது போதும்ங்க. அதனால இந்த ஒண்ணைத்தான் பாத்தோம். எங்களுக்குச் சம்மதம்."

"எனக்கும் சத்தம்னாலே ஆகாதுங்க" என்று அடக்கமாகச் சிரித்தார் கோவிந்தசாமி. வெற்றிலை பாக்கு மாற்றி, தேதியும் குறித்தாயிற்று.

அவர்கள் வந்த கார் தெருமுனை திரும்பியதும் சொர்ணாம்பாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஏங்க, கல்யாணம் முடியற வரைக்குமாச்சும் அந்தப் புள்ளை இருந்துட்டுப் போவட்டுமே."

"நீ யாருடி எனக்குப் புத்தி சொல்ல?" என்று ஆரம்பித்தார் கோவிந்தசாமி. அவள் வளர்ப்பு, அவள் அண்ணன் தம்பி, நேற்றைய சாம்பார் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டு போனார். மேலே ஒரு சத்தமும் இல்லை. எதிர்வீட்டு வீராயி வாசலுக்கு வந்து நின்று இந்தப் பக்கமே பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கதவும் திறந்தது. தன் குரல் இவ்வளவு தூரம் போகும் என்று கோவிந்தசாமிக்கே அப்போதுதான் தெரிந்தது.

சொர்ணாம்பாள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். அழுகையை அடக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"அந்தப் புள்ளை தனக்குன்னா காதுல மாட்டிக்கிட்டுத்தாங்க பாட்டு கேக்கும். 'அவரு கத்த ஆரம்பிச்சா மட்டும் சத்தமா வையி தம்பி, எம் பொண்ணு ஒரு எடத்துல போய் வாழணும்'னு நான்தான் அதுகிட்ட கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்."