சத்தம் வராத கம்ப்ரசர்

வீட்டுக் கார் ஷெட்டில் டூவீலர்களுக்குப் பஞ்சர் ஒட்டுகிற பூங்கோதை, மூன்று மாதக் கைக்குழந்தையோடு கம்ப்ரசர் விற்கும் கடைக்கு வந்திருந்தாள். "புள்ள பயந்துக்கும்" என்று கணவன், காற்றடிக்கும் பழைய கம்ப்ரசரைப் பிரசவத்துக்கு முன்பே எடைக்குப் போட்டுவிட்டான். "எடம் அடைக்காம, சத்தம் வராததாக் காட்டுங்ணா" என்றாள். கடைக்காரர் தண்ணீர்க்குடம் அளவில் ஒன்றை ஓடவிட்டார். "ஃபேன் சத்தமே இதுக்கு மேலீங்க." வாஸ்தவந்தான். ஆனால் பஸ்ஸில் தொடங்கிய குழந்தையின் அழுகை ஓயவில்லை. தோளில் போட்டுத் தட்டினாள், கொஞ்சினாள், ஒன்றும் பலிக்கவில்லை. அடுத்ததை ஓடவிட்டார், அதற்கும் வீறிட்டது. அப்போது பின்கட்டில், ரிப்பேருக்கு வந்திருந்த பழைய பெல்ட் கம்ப்ரசரை யாரோ முடுக்கினார்கள். தகரக் கூரையே தடதடத்தது. பூங்கோதை பதறிப்போய்க் குழந்தையின் காதைப் பொத்தினாள். குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தி, ஈர இமைகளோடு அந்தப் பக்கம் தலையைத் திருப்பிற்று. ஒன்பதாம் மாதம்வரை அப்படியொரு மெஷினோரம் ஸ்டூல் போட்டு, வயிற்றின்மேல் டியூபை வைத்துப் பஞ்சர் ஒட்டியவள் அவள். "ஏப்பா, அதைய நிறுத்து, கொழந்த இருக்குது" என்று கடைக்காரர் உள்ளே குரல் கொடுத்தார். "ஐயோ, நிறுத்தீராதீங்ணா" என்றாள் பூங்கோதை, பொத்தியிருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டே.