மிஞ்சிய டைல்ஸ்

கரண்ட் போய்விட்டது.

அவர் புதுவீட்டு வாசற்படியிலேயே நின்றார்.

கிழக்கே லேசாக வெளுத்துக்கொண்டிருந்தது. ஹாலில் கிரகப்பிரவேசக் கூட்டத்துக்கு அது வெறும் மங்கல். அவருக்கு மை இருட்டு. கொஞ்ச நாளாகவே வெளிச்சம் குறைந்தால் கண் கைவிட்டுவிடுகிறது. இது இனிக் கூடத்தான் செய்யும் என்று டாக்டர் சொன்னதை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மனைவி செண்பகத்திடம்கூட.

அடுப்படியில் பால் பொங்கப்போகிறது. வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நடுவில் ஹோமக் குண்டம், தாம்பாளங்கள், பாயில் தூங்கும் பிள்ளைகள். எதிலாவது ஒருமுறை இடறினால் போதும். கையைப் பிடித்துக் கூட்டிப்போக இன்றைக்கே ஆள் கிளம்பிவிடும்.

"ஏட்டி செண்பகம், வீட்டுக்குள்ள காரை ஓட்டப் போறீயளா?"

அவருடைய அக்கா நாச்சியார்தான். வந்ததிலிருந்து இதையே கேட்டுச் சிரிக்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தரை முழுக்கக் கண்ணாடியாய் மினுங்கும் பூப்போட்ட டைல்ஸ். சுவரோரமாக மட்டும், கார் நிறுத்தும் இடத்தில் பதிக்கிற வரிவரியான சொரசொரப்பு டைல்ஸ். பட்டுப்புடவைக்குச் சாக்கில் கரை வைத்ததுபோல.

"மிஞ்சிப் போச்சு மதினி. வீணாக்க மனசில்ல."

அடுப்படியிலிருந்து செண்பகத்தின் குரல்.

டைல்ஸ் வாங்கப் போன கடையிலும் இவள் இப்படித்தான். ஊரெல்லாம் கண்ணால் பார்த்து வாங்குகிற சாமானை, செருப்பைக் கழற்றிப்போட்டு ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தாள். அவரையும் மிதிக்கச் சொன்னாள். கிறுக்கச்சி என்று நினைத்துக்கொண்டார்.

வலது காலை எடுத்து வைத்தார். வழுக்கியது.

சுவரோரமாக நகர்த்தினார்.

உள்ளங்காலில் வரிகள் உரசின.

அடுத்த அடி. அதே வரி.

சொரசொரப்பில் யாரும் பாய் விரிக்கவில்லை. உட்காரவும் இல்லை. பாதை காலியாகக் கிடந்தது.

கை வீசி நடந்தார். திரும்ப வேண்டிய இடத்தில் வரியும் திரும்பியது. ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை.

வரி முடிந்தது. முகத்தில் அடுப்பின் சூடு.

மிஞ்சிப் போச்சாம்!

மகராசி, நீ நல்லா இருக்கணும் என்று மனசுக்குள் சொன்னார்.

பால் பொங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

செண்பகம் ஒரு டம்ளரில் பாலை ஊற்றினாள். அவர் கையை எடுத்து அதில் வைத்தாள். விரல்கள் மூடிய பிறகே தன் கையை எடுத்தாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போன தீபாவளியிலிருந்தே காப்பி மேஜைக்கு வருவதில்லை. நேராகக் கைக்குத்தான் வருகிறது.

அவர் டாக்டரிடம் போனதே அதற்கப்புறம் பங்குனியில்தான்.