உன் பக்கம் எப்படி இருக்கு?

ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தை ஆளுக்கோர் ஊரிலிருந்து தொலைநோக்கியில் பார்த்து, கண்டதைப் போனில் ஒப்பிட்டுக்கொள்வது தபால்காரருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் பல வருஷப் பழக்கம்.

"தம்பி, நம்ம நட்சத்திரம் ரொம்ப மங்கிடுச்சுப்பா. உன் பக்கம் எப்படி இருக்கு?" என்றார் தபால்காரர்.

"இங்கேயும் மங்கல்தாண்ணே," என்றார் மருந்துக்கடைக்காரர்.

தபால்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உன் அண்ணி போன் பண்ணி அழுதாளா?"

மருந்துக்கடைக்காரர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"டாக்டர் அவகிட்ட சொன்னது என் காதிலயும் விழுந்துச்சு. நம்ம கணக்குப்படி இப்ப அது ஒளி கூடுற நேரம். மங்குறது நட்சத்திரம் இல்ல, என் கண்ணு. இனிமே நீ பார்த்துச் சொல்றதுதான் எனக்கு வானம்னு இருந்தேன். நீயே பொய் சொன்னா நான் யாரை நம்புறது?"

"அண்ணே, அது பளிச்சுனுதாண்ணே இருக்கு..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் தபால்காரர் போனை வைத்துவிட்டிருந்தார்.