அடுத்த ஸ்டாப்

"நிறுத்துய்யா, புள்ள ஓடி வருது!" புதிதாக வந்த கண்டக்டர் கத்தினார்.

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கிளட்சை விட்டார். தோளில் பையோடு அந்தப் பெண் நடைபாதையில் பஸ்ஸைத் துரத்தினாள்.

அடுத்த ஸ்டாப்பில்தான் பஸ் நின்றது. மூச்சு வாங்க ஏறினாள்.

"ஒரு வாரமா பாக்குறேன். உனக்கு மட்டும்தான் இப்படிப் பண்றாரு. டெப்போவுல சொல்லி இந்த ஆளை வேற ரூட்டுக்கு மாத்த வைக்கிறேம்மா."

"ஐயோ, வேணாம் அண்ணே!" பையைத் திறந்து புது ஜெர்சியை எடுத்தாள். "போன வருஷம் ஓட்டம் பத்தலைன்னு கால்பந்து டீம்லேருந்து கழிச்சுட்டாங்க. தனியா கோச் வச்சுப் பழக எங்களுக்கு வசதி ஏது? இந்த பஸ்ஸைத் துரத்தித்தான் பழகினேன். இன்னைக்கு டீம்ல எடுத்துட்டாங்க!"

அவள் முன்னால் போய் ஜெர்சியை டிரைவரின் தோளில் போட்டாள்.

"எல்லாம் உங்களாலதான் அப்பா. நாளையிலேருந்து ரெண்டு ஸ்டாப் தள்ளி நிறுத்துங்க."

டிரைவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, சரி. முதல்ல டிக்கெட் எடு. கண்டக்டர் ஏற்கெனவே என்மேல கொலவெறில இருக்காரு."